என் தலைச்சுற்றைப் பற்றி, மகளுக்கு

பிள்ளை,

வெள்ளிக்கிழமை நீ உன் மனேச்சரிடம் கொடுக்கப்போகும் வேலை விடுகிற கடிதத்துக்கு முன்னர் இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்துவிட வேண்டும். நாளைக்குத் தபாற்கந்தோர் திறக்கும்போதே வாசலில் நிற்பேன். தொலைபேசியில் என்றால் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடக்கூடிய விஷயம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டதும் என் குரல் தானாக மெலிந்துபோகிறது. போன கிழமையும் அப்படித்தான். "உங்களைத் தலைச்சுற்றோடை தனிய விட்டிட்டு எனக்கு இஞ்சை ஒரு வேலையும் ஓடேல்லை அம்மா. வெள்ளிக்கிழமை கடிதம் குடுத்திட்டு மாசக் கடைசியிலை வாறன்" என்று நீ சொன்னாய். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "உன்ரை விருப்பம் பிள்ளை" என்றேன், பாயில் கிடப்பவளின் குரலில். போனை வைத்தபின் எழுந்துபோய் உன் தலையணை உறையைக் கழற்றித் தோய்த்துக் கொடியில் காயப்போட்டேன். அது காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் நான் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. அந்தச் சந்தோஷத்துக்குப் பயந்து இதை எழுதுகிறேன்.

எனக்குத் தலைச்சுற்று இல்லை. இப்போது மாறிவிட்டது என்று சொல்லவில்லை, எப்போதும் இருந்ததில்லை. முதல் நாள் காலை மட்டும் கொஞ்சம் இருந்தது, அதுவும் பயத்தில் வந்தது. மற்ற ஒவ்வொரு தடவையும் நான் வேண்டுமென்று கிணற்றடிப் படியில் இருந்தேன், வேண்டுமென்று நெற்றியைப் பிடித்தேன், வேண்டுமென்று உன்னை மறித்தேன். இதை உன்னிடம் மூன்று வருடம் முந்திச் சொல்லியிருக்க வேண்டும். பட்டம் படித்து, பிரதேச செயலகத்தில் உத்தியோகம் பார்த்து, மற்ற வீட்டுப் பெண்பிள்ளைகளின் தாய்மாருக்கெல்லாம் விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கிற உன் அம்மா ஏன் அப்படிச் செய்தாள் என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் வேண்டியிருக்கிறது. பொறுமையாக வாசி. இடையில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் எடுக்காதே.

உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் நல்லாய்ச் செய்தும் நீ பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுபோன அந்த மாதத்திலிருந்து தொடங்குகிறேன். நீ இரண்டு நாள் அழுதாய், மூன்றாம் நாள் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து குசினி மேசையில் விரித்தாய். தொழினுட்பக் கல்லூரியில் உயிரித் தொழினுட்ப டிப்ளோமா, இரண்டு வருடம், பாதி நேரம் ஆய்வுகூடத்தில். "போத்திலுக்கை வாழை வளர்க்கிற படிப்பு அம்மா" என்று விளக்கினாய். உன் அப்பாவின் அக்கா கமலா மாமி அன்றைக்கு வந்திருந்தா. "போத்திலுக்கை வாழையோ? பேந்து குலையையும் போத்திலுக்கையே போடுமோ?" என்று கேட்டுவிட்டு அவவே சிரித்தா. நீ முகத்தை வைத்துக்கொண்டு, "ஓம் மாமி, சீப்புச் சீப்பாய் அடைச்சு லேபலும் ஒட்டி வரும், உங்களுக்கு ரெண்டு போத்தில் எடுத்து வைக்கவோ?" என்றாய். நானும் சிரித்தேன். ஆனால் கந்தோரில் கேட்டவர்களிடம் மகள் இன்னொருக்கால் சோதனை எடுக்கப்போகிறாள் என்றுதான் சொன்னேன். நீ படிக்கப் போகும் இடத்தின் பெயரைச் சொல்ல எனக்கு நாலு மாதம் பிடித்தது. அதுவும் நீ அறியாதது. இந்தக் கடிதத்தில் நீ அறியாதவை இன்னும் இருக்கின்றன.

படிப்புத் தொடங்கிய நாட்களில் நம் இருவருக்கும் எவ்வளவு கதை இருந்தது, நினைவிருக்கிறதா? அப்பா கண்ணை மூடி ஏழு வருடத்தில் இந்த வீட்டில் அவ்வளவு கதை நடந்ததில்லை. நீ பின்னேரம் வந்ததும் வாழைக்குட்டி ஒன்றை மடலாக உரித்து, நடுவில் இருக்கும் விரல்நுனியளவு குருத்தை வெட்டி எடுக்கப் பழகுவாய். குருத்துக் காயப்படாமல் வெட்டும்வரை பழகவேண்டும் என்று உங்கள் மிஸ் சொல்லியிருந்தா. வாழை கிடைக்காத நாட்களில் என் வெங்காயத்தில் பழகினாய். அந்த மாதம் நம் வீட்டுக் கறி எல்லாவற்றிலும் வெங்காயம் குருத்தில்லாமல்தான் விழுந்தது. முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் பூசி, மேசைக்கு முன்னால் கதிரையில் இருப்பாய். நான் ஏதாவது கேட்டால், "கதைக்காதேங்கோ அம்மா, உங்கடை மூச்சுப் பட்டால் என்ரை வாழை பழுதாப்போம்" என்பாய். "அது வெங்காயமடி" என்பேன். "வாழை எண்டு நினைச்சுத்தான் வெட்டுறன், குழப்பாதேங்கோ." போத்தில் திறந்திருக்கும் அந்த நாலைந்து விநாடிக்குள் கிருமி ஒன்று விழுந்தாலும் மூன்றாம் நாள் வெள்ளையாய்ப் பூத்து எல்லாவற்றையும் தின்றுவிடும் என்றாய். இப்படி ஒரு சுத்தம் பார்க்கிற இடம் உலகத்தில் இருக்கிறதே என்று எனக்குப் பெரிய மதிப்பு வந்தது. அந்த மதிப்புத்தான் என்னைக் கெடுத்தது.

முதன்முதல் உங்களைப் போத்தில் திறந்து வெட்டுகிற கண்ணாடி அறைக்குள் விடப்போகிறார்கள் என்று நீ சொன்ன கிழமை, உனக்கு மாதத் துடக்கு. நான் நாட்காட்டியைப் பார்க்காமலே அறிவேன். காலையில் நீ சப்பாத்துப் போடும்போது பக்கத்தில் வந்து நின்று, மெல்ல, இன்றைக்கு அந்த அறைக்குள் போகாதே என்றேன். உனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "அம்மா, நீங்கள் டிகிரி முடிச்சனீங்கள்." "முடிச்சதாலைதான் சொல்லுறன், சும்மா மிஸ்ஸிட்டை வெளியாலை நிக்கிறனெண்டு சொல்லு." "என்னெண்டு சொல்லுறது? வாழைக்கு வெக்கமாம் எண்டோ?" எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணுக்குள் இருண்டது. போய்க் கிணற்றடிப் படியில் இருந்துவிட்டேன். நீ பையை எறிந்துவிட்டு ஓடிவந்தாய். அன்று முழுக்க வீட்டில் நின்று எனக்குக் கஞ்சி வைத்துத் தந்தாய். நீ கல்லூரிக்குப் போகவில்லை. அந்த அறைக்குள்ளும் போகவில்லை. பின்னேரம் ஆகும்போது எனக்குச் சுகமாக இருந்தது, அவ்வளவு சுகம்.

இனி நான் ஒருவருக்கும் சொல்லாத கதை. உன் அப்பாவுக்கும் சொல்லாதது. கலியாணம் முடித்து வந்த எனக்குப் பதினெட்டு வயது, நீ வயிற்றில் இல்லை. அப்பப்பாவுக்கு வீட்டுக்குப் பின்னால் வெற்றிலைத் தோட்டம் இருந்தது. வெற்றிலைக் கொடி ரோசக்காரி, அந்த மூன்று நாட்களில் பெண்கள் நிழல்கூடப் படக்கூடாது என்று முதல் கிழமையே கமலா மாமி எனக்குச் சொல்லித் தந்தா. நான் தலையாட்டினேன். எங்கள் வீட்டிலும் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் அப்படித்தான். மாரி காலம், ஒரு மத்தியானம், வீட்டில் நான் தனிய. கொழும்பிலிருந்து அப்பப்பாவைப் பார்க்க இரண்டு பெரியவர்கள் வந்துவிட்டார்கள். தட்டத்தில் ஒரு வெற்றிலை இல்லை. எனக்கு அன்று இரண்டாம் நாள். வெற்றிலை இல்லாமல் வந்தவர்களை அனுப்பினாள் மருமகள் என்று வரக்கூடாதே என்ற பயம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். பக்கத்துக் காணிக்குள்ளால் சுற்றி, ஒருவரும் காணாமல் போய்ப் பத்து வெற்றிலை கிள்ளிக்கொண்டு வந்தேன். வந்தவர்கள் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு போனார்கள். பதினைந்து நாளில் கொடிகள் அடியில் கறுத்தன. ஒரு மாதத்தில் தோட்டம் முழுக்கச் சரிந்தது. அப்பப்பா ஒவ்வொரு கொடியாய்ப் பிடுங்கிப் போட்டுக் கொளுத்தினதை நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஒருவருக்கும் தெரியாது. "ஆரின்ரை கண்பட்டதோ" என்று மாமி மட்டும் சொன்னா. அப்பப்பா பிறகு வெற்றிலை நடவே இல்லை. சாப்பிட்ட பிறகு வெறும் வாயோடு கதிரையில் இருப்பார். நான்தான் அதைச் செய்தேன் என்று அவர் சாகும்வரை எனக்குள் இருந்தது. பிறகும் இருந்தது. நான் பட்டத்துக்குப் படித்ததெல்லாம் அதற்குப் பிறகு. படித்த படிப்பு அந்த இடத்துக்குப் போகவே இல்லை, பிள்ளை. தலையில் ஓரிடத்தில் பாடங்கள், இன்னோரிடத்தில் கறுத்துச் சரிந்த கொடி. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை.

அதனால்தான் நீ கண்ணாடி அறைக்குள் போக நான் பயந்தேன். மூச்சுப் பட்டாலே பழுதாகிற இடம் என்றாய். வெளியில், வெயிலில் மழையில் நின்ற கொடிக்கே அப்படி நடந்ததென்றால் என்று யோசித்தேன். உன் போத்தில்கள் எல்லாம் செத்துப்போய், நீ எல்லோருக்கும் முன்னால் தலை குனிந்து நிற்பது போல எனக்குக் கண்ணில் காட்டிக்கொண்டே இருந்தது. இரண்டாம் மாதம் சொல்லிப் பார்க்கவில்லை. சொன்னால் நீ சிரிப்பாய். கிணற்றடிப் படியில் போய் இருந்தேன், அவ்வளவுதான். மூன்றாம் மாதம் அது பழகிவிட்டது. நீ என்னை டொக்டரிடம் கூட்டிப்போன நாளில் காலையில் நான் சாப்பிடாமல் வந்தேன். அவர் பிறஷர் கொஞ்சம் குறைவு என்றார், இரும்புக் குளிசை எழுதினார். ஒரு வருடம் அந்தக் குளிசையைப் போட்டு வயிறு இறுகித் திரிந்தேன். அந்தத் தண்டனை எனக்குக் காணாது. ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள், சிலவேளை மூன்று நாள், உன் போத்தில்களை மாற்ற வேண்டிய நாட்களில் நீ என் தலைமாட்டில் இருந்தாய். உன் சிநேகிதி உன் வேலையையும் சேர்த்துச் செய்தாள். ஒருநாள் நீ வந்து கோபமாய்ச் சொன்னாய்: யாரோ ஒரு பிள்ளை தன் போத்திலில் பங்கசு பூத்ததை மிஸ் ஏசுவா என்று பயந்து தட்டின் பின்பக்கம் ஒளித்து வைத்துவிட்டாளாம், ஒரு தட்டு முழுக்கப் போய்விட்டதாம். "பிழை விட்டதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை அம்மா. உடனை எடுத்துத் தந்திருந்தால் ஒரு போத்திலோடை போயிருக்கும்." நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

பிறகு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. வரவு காணாது, உன் குழுவோடு செய்முறைப் பரீட்சை எடுக்க முடியாது, அடுத்த குழுவோடு அரை வருடம் திரும்பச் செய்ய வேண்டும். நீ கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, "பறவாயில்லை அம்மா, உங்கடை உடம்புதான் முக்கியம்" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அப்போதே உண்மையைக் கக்கியிருக்க வேண்டும். அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு உங்கள் ஜெனிற்றா மிஸ்ஸைப் பார்க்கப் போனேன், எப்படியாவது கெஞ்சிச் சரிப்பண்ணலாம் என்று. குருநகர்ப் பிள்ளை, என்னைவிட நாலைந்து வயது இளமை இருக்கும், கையில் ஈரம் காயாமல் வந்தா. "உங்களுக்கு இப்ப எப்பிடி அக்கா? பிள்ளை மாசாமாசம் உங்களாலை நிண்டுபோகுது. வடிவாக் காட்டுங்கோ ஒரு நல்ல டொக்டரிட்டை" என்றா. நான் வந்த கதையை விட்டுவிட்டு வேறு கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொப்பியும் முகமூடியும் போட்ட ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாய் இருந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள், எல்லாம் பெண்பிள்ளைகள்.

"மிஸ், இதுக்குள்ளை பிள்ளையள் எல்லா நாளும் போறவையோ?"

"ஞாயிறு பூட்டு அக்கா."

"இல்லை. எல்லா நாளும் எண்டு கேக்கிறன்."

அவ என்னைப் பார்த்தா. நான் கேட்டது விளங்கிவிட்டது. பிறகு பக்கத்தில் இருந்த வாங்கில் என்னை இருத்தித் தானும் இருந்தா. "அக்கா, நான் பத்து வருசமா இதுக்குள்ளை நிக்கிறன். மாசம் மூண்டு நாள் நான் வெளியாலை நிண்டிருந்தால் உந்தக் கண்டுகளிலை ஒண்டும் உயிரோடை இராது. உள்ளுக்குக் கொண்டு போகக்கூடாதது கிருமி மட்டும்தான். அது எல்லாற்றை கையிலையும் இருக்கு, ஆம்பிளையின்ரை கையிலையும் இருக்கு. கழுவினால் போகும்." சிரிக்கவில்லை. ஏசவும் இல்லை. அது எனக்குத் தைரியம் தந்தது. வெற்றிலைக் கொடி அடியில் கறுத்து அழுகினால் அது என்ன வருத்தம் என்று கேட்டேன்.

"வேரழுகல். அதுவும் ஒரு பங்கசு. மாரித் தண்ணியிலையும் சேத்திலையும் பரவும். பக்கத்துக் காணியிலை இருந்ததோ?"

"அவையின்ரை கொடியும் மஞ்சளாத்தான் நிண்டது. அதுக்குள்ளாலைதான் நடந்து போனனான். வெறுங்காலோடை."

"அப்ப காலிலை குற்றம் சொல்லுங்கோ அக்கா. வேறை ஒண்டிலையும் சொல்லாதேங்கோ."

இப்போது அவ சிரித்தா. நானும் சிரித்தேன், பிறகு அந்த வாங்கில் இருந்தே அழுதேன். அப்பப்பாவின் தோட்டத்தை நான்தான் அழித்திருக்கிறேன் போலிருக்கிறது, அது ஒன்றும் மாறவில்லை. சேற்றுக் காலோடு போனவர் ஒரு கிழவனாக இருந்தாலும் அது அழிந்திருக்கும் என்பதுதான் புதிது. இருபது வருடத்துக்கு மேல் என் உடம்பைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் குற்றத்தை உன் உடம்பிலும் தூக்கி வைக்கப் பார்த்திருக்கிறேன். பின்னேரம் நீ கேற்றடியில் நின்று, "மிஸ் என்ன சொன்னவ?" என்று கேட்டாய். "கவனமாப் படிக்கட்டாம்" என்றேன். அதற்குப் பிறகு எனக்கு மாதாமாதம் தலைச்சுற்று வரவில்லை. குளிசைதான் வேலை செய்கிறது என்று நீ சந்தோஷப்பட்டாய். இன்னும் ஆறு மாதம் விடாமல் போடச் சொன்னாய். போட்டேன்.

உன் சிநேகிதி உன் முதல் குழுவோடு முடித்தாள். வாழைக்கன்று செய்யும் ஆய்வுகூடம் ஒன்று இங்கே, பஸ்ஸில் அரை மணித்தியாலம், அந்தக் குழுவில் இரண்டு பேரை எடுத்தது. மிஸ் கொடுத்த பெயர்களில் முதல் பெயர் உன்னுடையதாக இருந்திருக்கும். அவவே எனக்குப் பிறகு சொன்னா. அடுத்த குழு முடிக்கும்போது அங்கே இடமில்லை. கொழும்புக்கு அப்பால், பூக்கன்று செய்யும் கொம்பனி ஒன்றுதான் உன்னைக் கூப்பிட்டது. என்ன நடந்திருக்கிறது என்று பார். நான் பேசாமல் இருந்திருந்தால் நீ தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு இந்தக் கேற்றைத் திறந்திருப்பாய். உன்னை இருநூறு மைலுக்கு அப்பால் அனுப்பியது வேறு ஒருவரும் இல்லை. ஸ்ரேசனில் நீ அழுதபோது நானும் அழுதேன். உனக்கு அது பிரிவுக்கு அழுகிற அழுகையாகத் தெரிந்திருக்கும். அதில் பாதி இது.

பக்கத்து வீட்டு ரதி அன்ரி உனக்குப் போனில் சொன்ன விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் எழும்ப ஏலாமல் படியில் இருந்தேன் என்று அவ சொன்னது பொய்யில்லை, அவ கண்டதைச் சொன்னா. அன்று கந்தோரால் வந்து, கைப்பையிலிருந்து திறப்பை எடுத்து, கதவைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. உள்ளே ஒருவரும் இல்லாத வீட்டைத் திறப்பதற்கு எனக்கு அன்றைக்கு மனம் வரவில்லை. திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு முன்படியில் இருந்தேன். அரை மணித்தியாலம் இருக்கும். மதிலுக்கு மேலால் எட்டி, "என்னக்கா, திரும்பத் தலைச்சுற்றோ?" என்று அவ கேட்டா. ஓம் என்றேன். மற்றதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. தலைச்சுற்று என்றால் தண்ணீர் கொண்டுவந்து தருவார்கள், விசிறிவிடுவார்கள், பக்கத்தில் இருப்பார்கள். கொண்டுவந்து தந்தா, இருந்தா. அவ உனக்குச் சொல்லுவா என்பதும் எனக்குத் தெரியும். இதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்: எனக்குத் தெரியும்.

உனக்கு ஆறு மாதம் தகுதிகாண் காலம். நாலு மாதம் முடித்துவிட்டாய். இப்போது விட்டால் சேவைக் கடிதம் தரமாட்டார்கள், அது இல்லாமல் மேல்மட்ட டிப்ளோமாவுக்கு உன்னை எடுக்கமாட்டார்கள் என்று நீயே முன்னர் எனக்குச் சொன்னாய். இங்கே வந்தால் என்ன செய்வாய்? கமலா மாமி ஒரு வரன் கொண்டுவருவா. "போத்தில் கழுவுற வேலைக்கோ பிள்ளை அவ்வளவு தூரம் போய்க் கிடந்தது?" என்று கேட்பா. நானும் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி ஊற்றுவேன். என்னை எனக்குத் தெரியும், ஊற்றுவேன். ஆகவே போத்தில் கழுவினாலும் அங்கேயே கழுவு. நீ சொன்னாயே, போத்தில் கழுவுகிற பிள்ளைதான் கன்று வளர்கிற ஊடகம் காய்ச்சவும் முதலில் பழகுகிறாள் என்று. பழகு. அவர்கள் சிங்களத்தில் எழுதி வைத்திருக்கும் அளவுகளை நீ பார்த்துப் பார்த்து எழுதாமல் விளங்கி எழுது. விளங்காவிட்டால் கேள், கேட்பதற்கு வெட்கப்பட்டு நான் இழந்ததைத்தான் இவ்வளவு நேரம் வாசித்தாய். வயிற்றுக்குத்து என்றால் லீவு எடு, வயிற்றுக்குத்துக்காக எடு. பூக்கன்றுக்குப் பயந்து எடுக்காதே. நாளைக்கு உனக்குக் கீழே வேலை பழக ஒரு பிள்ளை வருவாள், அவளும் ஒருநாள் தயங்கிக்கொண்டு கதவடியில் நிற்பாள். எங்கள் ஊர்ப் பிள்ளையாக இருக்கவேண்டும் என்றில்லை. அவளிடம் ஜெனிற்றா மிஸ் என்னோடு கதைத்த மாதிரிக் கதை. முதலில் இருத்திவிட்டுக் கதை.

நேற்றுச் சனிக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்த முறை நாலு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். ஒரு இளம் டொக்டர், உன்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும்.

"என்ன செய்யுது அம்மா?"

"ஒண்டும் செய்யேல்லை."

"ஒண்டும் செய்யேல்லையெண்டால் ஏன் வந்தனீங்கள்?"

"ஒண்டுமில்லையெண்டு எழுதித் தாங்கோ டொக்டர். பிள்ளைக்கு அனுப்ப வேணும்."

அவன் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமாதிரிப் பார்த்தான். "ஒரு நாளும் ஒருத்தரும் உப்பிடிக் கேட்டதில்லை" என்றான். ஆனாலும் பிறஷர் பார்த்தான், இரத்தம் எடுக்க அனுப்பினான், காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு நேர்கோட்டில் நடக்கச் சொன்னான். கோணாமல் நடந்தேன். அவன் எழுதித் தந்த துண்டு இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. இனி என் வாயை நம்பு என்று உன்னிடம் கேட்கிற உரிமை எனக்கில்லை, அதனால்தான் வைக்கிறேன். அவன் கடைசியில் ஒன்று கேட்டான்: "வீட்டிலை ஆர் இருக்கினம் அம்மா?" ஒருவரும் இல்லை என்றேன். அதை அவன் துண்டில் எழுதவில்லை. அதற்கு அவனிடம் மருந்தில்லை. நான்தான் ஏதாவது பார்க்கவேண்டும். ஜெனிற்றா மிஸ் பின்னேரங்களில் வயது வந்த பெண்களுக்குக் கன்று பதியவைக்கும் வகுப்பு நடத்துகிறாவாம், வரச் சொன்னா. போவேனோ தெரியாது. போவேன் என்று உனக்குச் சத்தியம் பண்ணித் தரமாட்டேன். உனக்கு நான் தருகிற சொல்லுக்கு இப்போதைக்கு மதிப்பில்லை.

உனக்குக் கோபம் வரும். வரவேண்டும். ஒரு குழுவையும் ஒரு வேலையையும் ஒரு வருட நிம்மதியையும் உன்னிடமிருந்து எடுத்திருக்கிறேன், உனக்கு என்னிலே உள்ள அன்பைப் பிடித்தே எடுத்திருக்கிறேன். எனக்குப் போன் எடுத்துக் கத்த வேண்டும் போலிருந்தால் கத்து, நான் கேட்டுக்கொண்டிருப்பேன், குரலை மெலியவிடமாட்டேன். கத்தவும் பிடிக்காமல், என்னோடு கதைக்கவே பிடிக்காமல் இருந்தால், கதைக்காதே. ரதி அன்ரியிடம் என்னைப் பற்றிக் கேட்கவும் வேண்டாம். ஒரு மாதமோ, வருடப்பிறப்பு வரையோ, உனக்கு எவ்வளவு காலம் வேண்டுமோ அவ்வளவு காலம். ஆனால் அங்கேயே இருந்துகொண்டு கதைக்காமல் இரு.

அம்மா